அடையாற்றில் ஒரு கிரயம்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மாட்டுச் சந்தையில் விலை பேசுவதை நீங்கள் எனக்குக் கற்பிக்க வேண்டுமேயன்றி, நான் உங்களுக்குக் கற்பிக்க இயலாது. பல்லைப் பிடித்துப் பார்ப்பீர்கள், சுழி பார்ப்பீர்கள், நடக்கவிட்டுப் பார்ப்பீர்கள். அதன் பின்னரே துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடிப்பீர்கள். மாடு ஏன் விலைக்கு வந்தது என்று விசாரியாமல் எவரும் அச்சாரம் கொடுப்பதில்லை. இத்தனை சூட்சுமம் அறிந்தவர்களே, பிள்ளைகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்து, மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அவர்களுக்கு ஒரு வீடு வாங்கச் செல்லும்போது, தரகர் சொன்ன தொகையில் எவ்வளவு குறைத்தோம் என்பதையே வெற்றியாகக் கருதித் திரும்பிவிடுகிறார்கள்.

நம் வட்டாரத்து விவசாயி ஒருவர் நஞ்சையில் ஒரு பகுதியை விற்று, சென்னையில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்தார். விலையில் இரண்டு இலட்சம் குறைத்துவிட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. ஒப்பந்தத்திலோ, 90 நாட்களுக்குள் மீதித் தொகையைச் செலுத்தத் தவறினால் முன்பணம் முழுவதும் இழக்கப்படும் என்று ஒரு வரி இருந்தது. மகனுக்கு வங்கிக் கடன் கிடைக்க 110 நாட்களாயின. பின்னர்தான் அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அவர் குறைத்தது இரண்டு, கொடுத்துவிட்டு நிற்பது ஐந்து.

இதே சென்னையில் நடந்த வேறொரு கிரயத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அடையாறு நதியின் தென்கரையில் பிரம்மஞான சபையின் தலைமையகம் இருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். அந்த இடத்துக்கு அந்நாளில் ஹடில்ஸ்டன் தோட்டம் என்று பெயர். 1882-ஆம் ஆண்டு மே மாதம் கர்னல் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் அதைப் பார்வையிட்டார்கள். பெரிய மாளிகை, உடன் கட்டடங்கள், 27 ஏக்கர் நிலம். விலையோ சுமார் 9,000 ரூபாய்தான். கட்டடங்களை இடித்தால் கிடைக்கும் பழைய மரமும் கல்லுமே ஏறக்குறைய அந்தத் தொகை பெறும் என்று ஆல்காட் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

இவ்வளவு மலிவாக வந்தால் நமக்குச் சந்தேகம் வரவேண்டும், காரணத்தைத் தேடவேண்டும். காரணம் மாளிகையில் இல்லை, ரயில் பாதையில் இருந்தது. நீலகிரி அடிவாரம் வரை ரயில் வந்துவிட்டதனால், ஒரு நாள் பயணத்தில் உதகமண்டலம் சென்றுவிடலாம் என்றாயிற்று. அரசாங்க உத்தியோகஸ்தர்கள் ஆண்டில் பல மாதங்களை அங்கேயே கழிக்கத் தொடங்கினார்கள். சென்னையிலிருந்த பெரிய பங்களாக்கள் விற்பனைக்கு வந்தன, கேட்பாரில்லை. ஆகவே அந்த மலிவு வாங்குபவருக்கு அனுகூலமான மலிவு.

ஆயினும் சபையிடம் அந்தத் தொகையும் கைவசம் இல்லை. இங்கேதான் உதவி செய்த நண்பர்களின் விவேகத்தைக் காண்கிறோம். ஐயலு நாயுடு என்ற அன்பர் ஒரு பகுதியை முன்னதாகக் கொடுத்தார். முத்துசாமி செட்டியார் மீதிக்கு எளிய நிபந்தனைகளில் கடன் கிடைக்க வழிசெய்தார். நன்கொடைக்கு வேண்டுகோள் விடுக்கப்பட்டது. டிசம்பரில் குடிபுகுந்தார்கள், அடுத்த ஓராண்டுக்குள் கடன் முழுவதும் தீர்ந்து, பத்திரங்களும் கைக்கு வந்தன. நம் விவசாயிக்குக் குறைவாயிருந்தது இருபது நாள் அவகாசம். விலையில் இரண்டு இலட்சத்தை விட்டுக்கொடுத்தாவது அந்த அவகாசத்தை அவர் கேட்டு வாங்கியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

எல்லா மலிவும் ஹடில்ஸ்டன் தோட்டத்து மலிவாக இராது. மயிலாப்பூரில் கோயில் மனைகளின்மேல் கட்டிய வீடுகள் உண்டு. அங்கே விற்பவருக்குக் கட்டடம் சொந்தமாயிருக்கலாம், மனை கோயிலுடையது. மனைக்கும் சேர்த்து விலை பேசினால் இல்லாத பொருளுக்குப் பணம் கொடுத்தவராவோம். தியாகராய நகரின் பெரும்பகுதி 1920-களில் பழைய ஏரியைத் தூர்த்து அமைக்கப்பட்டது. அடையாற்றங்கரையில் 2015 டிசம்பர் வெள்ளம் எந்த வீட்டில் எந்த மட்டம் வரை நின்றது என்பதை அத்தெருவில் இஸ்திரி போடுபவரே சொல்லிவிடுவார். தரகர் சொல்லமாட்டார். தண்ணீர் நின்ற உயரத்தை அறிந்து கொண்டு விலை பேசுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அளவையிலும் கவனம் வேண்டும். நாம் சென்டு என்போம். அங்கே கிரவுண்டு என்பார்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ ஐந்தரை சென்டு. அடுக்குமாடி வீடானால், நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு எத்தனை சதுர அடி என்று கேளுங்கள். மாடிப்படியையும் நடைபாதையையும் சேர்த்துச் சொல்லும் பரப்பைக் கேட்டு மயங்க வேண்டாம்.

இனி ஒப்பந்தத்துக்கு வருகிறேன். சொத்துரிமை மாற்றச் சட்டமும் அதே 1882-ஆம் ஆண்டில் பிறந்ததுதான். விற்பதாகச் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தினால் மட்டும் சொத்தில் உரிமை எதுவும் உண்டாகாது என்று அது கூறுகிறது. கிரயப் பத்திரம் பதிவானால்தான் உரிமை. ஆகையால் முன்பணத்தைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தையும் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அது கட்டாயமுங்கூட. வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலோ, வில்லங்கச் சான்றில் வேறு பாத்தியதை தெரியவந்தாலோ, முன்பணம் இத்தனை நாட்களில் திருப்பித் தரப்படும் என்று எழுதச் சொல்லுங்கள். சொத்துவரி, குடிநீர் வரி, குடியிருப்போர் சங்கப் பாக்கி ஆகியவற்றைக் கிரய நாள் வரை விற்பவரே தீர்க்கவேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். பத்திரச் செலவை மறந்துவிடாதீர்கள். 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வையும் உரிமை மாற்றத் தீர்வையும் சேர்ந்து 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஐம்பது இலட்சம் ரூபாய்க் கிரயத்துக்கு இது நாலரை இலட்சமாகிறது.

"இதையெல்லாம் கேட்டால் விற்பவர் கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் போய்விடமாட்டாரா?" என்று சென்ற கூட்டத்தில் ஓர் அம்மையார் கேட்டார். போகட்டும். திருப்பித் தரும் நிபந்தனையை எழுதமாட்டேன் என்பவரிடம் ஐந்து இலட்சத்தைக் கொடுத்துவிட்டு நாம் எங்கே போவது?

நான் குறிப்பிட்ட விவசாயி இப்பொழுது வட்டச் சட்டப் பணிகள் குழுவின் உதவியை நாடியிருக்கிறார். நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கிறது. பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் அங்கே கட்டணமின்றி வழக்கறிஞர் உதவி கிடைக்கும். கையெழுத்திடுவதற்கு முன்னரே ஒப்பந்த நகலை எடுத்துச் சென்று காட்டலாம். பின்னர்தான் போகவேண்டும் என்று விதியில்லை.