கொள்ளிடத்து இரும்புப் பாலம் விழுந்த விதம்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான சொற்பொழிவு)



மீன்சுருட்டியிலிருந்து கும்பகோணம் செல்வோர் அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடப்பர். அங்குள்ள கீழணை, ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளரால் 1836-ம் வருஷத்தில் கட்டப்பட்டது. இதே நதியில், மேற்கே திருச்சிராப்பள்ளியில், ஸ்ரீரங்கத்திற்கும் வடகரைக்கும் இடையே 1928-ல் ஓர் இரும்புச் சட்டப் பாலம் கட்டப்பட்டது. அதற்கு நேர்ந்த கதி இவ்வூராரும் அறியத் தக்கது.

மூங்கிற்படல் ஒன்றைச் சதுரமாகக் கட்டினால் ஒருபுறம் சாயும். மூலைக்கு மூலை ஒரு கழியைக் குறுக்கே கட்டிவிட்டால் சாயாது. முக்கோணத்தின் பக்கங்கள் நீளம் மாறாதவரை அதன் உருவமும் மாறாது. இரும்புப் பாலத்தின் இருபுறமும் பின்னலாகத் தோன்றும் சட்டங்கள் யாவும் அத்தகைய முக்கோணங்களே. மேலே செல்லும் வண்டியின் பாரத்தை அவை பகிர்ந்து வாங்கித் தூண்களில் இறக்குகின்றன. ஆகவே குறைந்த இரும்பைக்கொண்டே அகன்ற கண்களைத் தாண்டலாம்.

எண்பது வருஷங்களுக்கு மேல் உழைத்த பாலம் அது. அருகில் புதுப் பாலம் ஏற்பட்டபின், 2016-ல் பழையதில் வாகனப் போக்குவரத்து நின்றது. 2018 ஆகஸ்டு மாதத்துப் பெருவெள்ளத்தில் அதன் தூண்கள் சில அமிழ்ந்து, மேலிருந்த பகுதி ஆற்றில் வீழ்ந்தது. கெட்டது மேலிருந்த இரும்பன்று; காலடி மணல். (அதே மாதத்தில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் சிலவும் அடித்துச் செல்லப்பட்டன.)

வெள்ளம் தூணில் மோதும்போது நீர் கீழ்நோக்கிச் சுழன்று, தூணடி மணலை வாரிச் செல்லும். வெள்ளம் வடிகையில் அந்தக் குழியில் மணல் மீண்டும் படிந்துவிடுவதால், கோடையில் பார்ப்பவர்க்கு ஒன்றும் தெரியாது. ஆற்றுப் படுகையே தாழ்ந்துபோனாலோ நிலைமை வேறு. தூணைப் பிடித்துநிற்கும் மணலின் ஆழம் முன்னமே குறைந்திருக்க, அடுத்த வெள்ளம் மிச்சத்தையும் அரித்துவிடுகிறது. பாலத்தருகே மணல் எடுப்பதைச் சட்டம் தடுப்பது இதனாலேயே. ஒரு வண்டி மணல்தானே என்பார் உண்டு. அப்படிச் சொல்பவர் ஒருவராயிருந்தால் பாதகமில்லை!

அணைக்கரை வழி அடைபட்டால், கும்பகோணத்துச் சந்தைக்குச் செல்லும் நெல்லும் கரும்பும் மதனத்தூர் வழியாகச் சுற்றவேண்டும். அந்த வாடகை விவசாயியின் தலையில்தான் விழும்.

வெள்ளம் வடிந்ததும் சங்கத்தார் இருவர் ஆற்றில் இறங்கிப் பார்ப்பது நலம். தூணில் பழைய மணல்மட்டத்தின் கறை, இப்போதைய மணலுக்கு எவ்வளவு மேலே நிற்கிறதென்று முழக்கோலால் அளந்து தேதியுடன் குறித்துவைக்கலாம். வருஷத்திற்கு வருஷம் அவ்வளவு கூடினால், கிராம நிர்வாக அலுவலர் வழியாக நெடுஞ்சாலைத் துறைக்கும் நீர்வளத் துறைக்கும் அக்குறிப்பின் நகலை அனுப்புக.