வீட்டுச் சாக்கடை நாற்றம்: மூலத்தைக் கண்டறிவது எப்படி?

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய சுகாதாரப் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வீடுதோறும் கழிப்பறை அமைக்கும் பொருட்டு 2014ஆம் ஆண்டில் தூய்மை பாரத இயக்கமும், வீடுதோறும் குழாயில் குடிநீர் தரும் பொருட்டு 2019ஆம் ஆண்டில் ஜல் ஜீவன் இயக்கமும் தொடங்கப்பெற்றன. வீட்டிற்குள் வந்த நீர் கழிவாகி வெளியேறியே தீரவேண்டும். முன்பு கொல்லைப்புறத்து வாழைக்குப் பாய்ந்த நீர் இப்போது குழாயில் இறங்கித் தரைக்கடியிற் செல்கிறது. அதனுடன் வந்து சேர்ந்த தொல்லையே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். புதிதாகக் கட்டிய கழிப்பறையில் விறகும் சாக்கும் அடுக்கிவிட்டுப் பழையபடி ஏரிக்கரைக்குப் போகும் குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். காரணம் கேட்டால், "நாற்றம் பொறுக்க முடியவில்லை" என்கிறார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. நாற்றத்தை நீக்கிக் கொடுப்பதே நம் வேலை.

நாற்றம் கண்டவுடன் நம்மவர் வாங்குவது பினாயில். பினாயில் நாற்றத்தைச் சிறிது நேரம் மறைக்கும். அதன் வழியை அடைக்காது. அளவு மிஞ்சினால், செப்டிக் டேங்கில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். ஆசிட்டும் அப்படித்தான். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட்டை ஊற்றினாலோ, நெஞ்சை அடைக்கும் நச்சுப் புகை கிளம்பும். இதை வீட்டுப் பெண்மணிகளுக்கு அவசியம் எடுத்துச் சொல்லுங்கள்.

கழிவு நீர் இறங்கும் குழாயில் கெட்ட வாயு மேலேறி வருவது இயற்கை. அதை வீட்டிற்குள் விடாமல் தடுப்பது இரும்பும் அன்று, சிமெண்டும் அன்று. ஒரு குவளைத் தண்ணீர்தான். குழாயை வளைத்து, அவ்வளைவில் எப்போதும் சிறிது நீர் தங்கும்படி செய்துவிட்டால், கழிவு கீழே போகும். வாயு மேலே வராது. கொத்தனார்கள் டிராப் என்று சொல்வது இதைத்தான். இத்தகைய வளைவுடைய கழிப்பறைக்கு 1775இல் லண்டனில் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கம்மிங் கடிகாரத் தொழிலாளர்! இரண்டரை நூற்றாண்டு ஆகியும் இதைவிட எளிய சாதனம் கிடைத்தபாடில்லை.

ஆகவே, நாற்றம் வந்தால் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த இடத்தில் தண்ணீர் இல்லை?" என்பதே. வீட்டிலுள்ள ஒவ்வொரு ஜலதாரை வாயிலும் ஒரு வாளி நீர் ஊற்றிவிட்டு ஒரு மணி நேரம் பொறுங்கள். நாற்றம் நின்றுவிட்டால், ஏதோ ஒரு வளைவு வறண்டு கிடந்தது என்று பொருள். விருந்தினர் வந்தால் மட்டும் திறக்கும் குளியலறை, மாடியறை ஆகியவற்றில், அதிலும் அக்கினி நட்சத்திர நாட்களில், இது சாதாரணமாக நேர்வது. வாரம் ஒரு முறை ஒரு குவளை நீர் ஊற்றினால் போதும். நெடுநாள் வெளியூர் செல்வோர் அந்நீரின் மேல் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டுச் சென்றால், நீர் எளிதில் வற்றாது.

நாற்றம் நிற்கவில்லையா? அன்றிரவு எல்லா வாய்களையும் ஈரச் சாக்கினால் இறுக மூடிவிடுங்கள். விடியற்காலையில் ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தால், குற்றவாளி அகப்பட்டுக்கொள்வான். இதற்குப் பக்கத்து வீட்டாரை அழைப்பது நலம். அந்த வீட்டிலேயே வாழ்பவர் மூக்கு நாற்றத்திற்குப் பழகிப் போயிருக்கும். நாற்றத்தின் தன்மையும் துப்புக் கொடுக்கும். புளித்த வாடையென்றால் அடுக்களைக் குழாய். வடித்த கஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் படிந்திருக்கும். சோடா உப்பு கலந்த வெந்நீர் விட்டு, நீண்ட பிரஷ்ஷினால் தேய்த்தால் சரியாகும். மூக்கைக் குத்தும் காரநெடியென்றால் சாக்கடையை விட்டு மாட்டுத் தொழுவத்தின் கோமியக் கால்வாயைப் பாருங்கள். அழுகிய முட்டை நாற்றமென்றால் அது சாக்கடை வாயுவே.

குளியலறைத் தரையில் வளைவே வைக்காமல் நேர்க்குழாயை இறக்கிவிட்டுப் போன வீடுகள் உண்டு. அங்கே எத்தனை வாளி ஊற்றினாலும் பயனில்லை. தரையை உடைத்து நானி டிராப் பதிக்கத்தான் வேண்டும். கட்டும்போதே 2 அங்குல நீர் நிற்கும்படி வைத்திருந்தால் இந்தச் செலவு இல்லை. பூசி மூடுவதற்கு முன்பு ஊராட்சி உறுப்பினர் ஒருவர் நேரில் பார்த்துவிடுவது நல்லது.

இன்னொரு குறை கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். ஓரிடத்தில் வாளி நீரைக் கவிழ்க்கும்போது மற்றோர் இடத்தில் "குளுக், குளுக்" என்று ஓசை கேட்டால், பாயும் நீர் அங்குள்ள வளைவு நீரையும் உறிஞ்சி இழுக்கிறது. அங்கே காற்றுக் குழாய் இல்லை, அல்லது அடைபட்டிருக்கிறது. அண்டை வீட்டார் முறையிட்டார்கள் என்று செப்டிக் டேங்கின் காற்றுக் குழாயைத் துணி வைத்து அடைத்துவிட்டு, பின்னர் தம் வீட்டிற்குள்ளேயே நாற்றத்தில் அவதிப்படுவோரைக் கண்டிருக்கிறோம். குழாயை அடைக்கக் கூடாது. கூரைக்கு மேல் 6 அடி உயர்த்தி, வாயில் கொசுவலை கட்டவேண்டும். இரட்டைக் குழிக் கழிப்பறைக்குக் காற்றுக் குழாய் தேவையில்லை. வாயுவை மண்ணே ஏற்றுக்கொள்ளும். அங்கே நாற்றம் வந்தால், குழிகளுக்கு நீரைப் பிரித்துவிடும் தொட்டியின் மூடியைச் சோதியுங்கள். இரண்டு குழிகளையும் ஒருசேரத் திறந்துவிட்டிருந்தால், ஒன்றை உடனே அடையுங்கள்.

வெளியே குழாய் எங்கோ கசிகிறது என்ற ஐயமிருந்தால், வாளி நீரில் சொட்டு நீலத்தைத் தாராளமாகக் கலந்து ஊற்றுங்கள். நீல நீர் தெருச் சாக்கடையில் தலைகாட்டினால், செப்டிக் டேங்கின் நீர் உறிஞ்சு குழிக்குப் போகாமல் ஊர்ப் பொதுவில் கலக்கிறது என்பது வெளிச்சமாகும். டேங்கில் தெளிந்து வரும் நீரிலும் நோய்க்கிருமிகள் உண்டு. அச்சாக்கடையை ஒட்டியே குடிநீர்க் குழாய் போகுமானால், நீர் விடாத வேளையில் விரிசல் வழியே கழிவு உள்ளே புகும். கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் இருக்கட்டும்.

டேங்க் நிரம்பியதே காரணமென்றால் மட்டும் நம் கை அங்கே போகக் கூடாது. மூடியருகே தீக்குச்சி, பீடி ஆகாது. அதிலுள்ள மீதேன் பற்றி எரியும். அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவோ மிகுந்திருக்கும்போது மூக்கின் உணர்வையே அழித்துவிடும். நாற்றம் இல்லையே என்று இறங்கியவரும், அவரைத் தூக்கச் சென்றவரும் அடுத்தடுத்து மாண்ட செய்திகளை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். பாதுகாப்புச் சாதனமின்றி ஒருவரை அவ்வேலைக்கு அமர்த்துவோருக்கு, முதல் முறையே 2 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க 2013ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. சாதனம் இருந்தாலும் ஆளை இறக்காதீர்கள் என்றே நாம் சொல்வோம். 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒரு முறை கழிவு உறிஞ்சும் லாரியை அழையுங்கள். அந்த லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்பதையும் கேளுங்கள். ஓடையிலோ, இரவோடிரவாக யாரோ ஒருவர் வயலிலோ கொட்டினால், நம் வீட்டு நாற்றம் அடுத்த ஊருக்குப் போனதேயன்றித் தீர்ந்ததாகாது. லாரி வந்த தேதி, வண்டி எண், கழிவு இறக்கிய இடம் ஆகிய மூன்றையும் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு நோட்டில் எழுதி வைக்க ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.