தண்ணீர்க் கணக்கு நம்ம கணக்கு! கேட்டு வாங்குவோம்!

(ஒன்றிய விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



நம்ம கிணத்துத் தண்ணி உப்பேறிக் கிடக்குது. ஆயிரம் அடி போர் போட்டாலும் புகைதான் வருது. வாய்க்காலில் கழிவுத் தண்ணி நுரைச்சுக்கிட்டுப் போகுது. இதையெல்லாம் எழுதி, மாதாமாதம் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கிறோம். என்ன பதில் வருது? "ஆய்வு செய்யப்பட்டது. குறைபாடு ஏதும் காணப்படவில்லை." இரண்டே வரி! எந்தத் தேதியில் பார்த்தார்கள், எந்தக் கிணத்தில் தண்ணி எடுத்தார்கள், என்ன அளவு வந்தது, ஒன்றும் கிடையாது. நேரில் போய்க் கேட்டால், "உங்ககிட்ட ஆதாரம் இருக்கா?" என்று நம்மையே திருப்பிக் கேக்கறாங்க.

ஆதாரம் எங்கே இருக்கு? அரசாங்க பீரோவில் இருக்கு! நம்ம வரிப்பணத்தில் அளந்து, எழுதி, கட்டிப் பூட்டி வைத்திருக்கிற கணக்கு அது. அதை வெளியே கொண்டு வருவதுதான் இந்தப் போராட்டத்தின் முதல் கட்டம்.

நொய்யல் சொல்லும் பாடம்

காகிதத்தால் என்ன ஆகும் என்று சிலர் கேட்கலாம். ஒரத்துப்பாளையம் அணையைப் பாருங்கள். பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த அணை, திருப்பூர் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கே கண்ணீர் மட்டும் போதாது. ஆற்றில் விடும் கழிவுநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. நிபுணர் குழு அறிக்கையும் தண்ணீர் அளவுகளும் மேசைக்கு வந்தன. 2006 டிசம்பரில், கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விடக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. அதை மதிக்காததால், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நீதிமன்றம். அதற்கு முன்பே, 2004இல், சூழலியல் இழப்பீட்டு ஆணையம் 68 கிராமங்களில் 28,000க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு இழப்பீடு கணக்கிட்டது. அளவு இருந்தது, அதனால் இழப்பீடு பேச முடிந்தது!

எந்தக் கணக்கு எங்கே இருக்கு?

நிலத்தடி நீர் மட்டம்: நீர்வளத் துறையின் நிலநீர்ப் பிரிவும், மத்திய நிலத்தடி நீர் வாரியமும் கண்காணிப்புக் கிணறுகளை வைத்து அளக்கின்றன. ஊறுகிற அளவில் 100 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சினால் அந்தப் பகுதி 'அதிநுகர்வு'. 90 முதல் 100 வரை 'அபாயகரமானது'. நம்ம பகுதி எந்த வகை, தண்ணீர் எடுக்க எந்தக் கம்பெனிக்கு அனுமதி தந்தார்கள் என்று கேளுங்கள்.

ஆலைக் கழிவு: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம். ஆலைக்குக் கொடுத்த இசைவாணை, அதிலுள்ள நிபந்தனைகள், எடுத்த மாதிரிகளின் ஆய்வறிக்கை எல்லாம் அங்கே இருக்கும். 1974ஆம் வருடத்து நீர்ச் சட்டம் 25ஆவது பிரிவின்படி, இசைவு நிபந்தனைகளுக்கு ஒரு பதிவேடு வைக்க வேண்டும். கழிவால் பாதிக்கப்பட்டவர் அதைப் பார்வையிடலாம். அதிகாரி காட்டுகிற சலுகை அல்ல, சட்டம் கொடுத்த உரிமை!

ஏரி, குளம்: 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறைக்கு. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. எல்லையும் பரப்பும் வி.ஏ.ஓ. கையிலிருக்கும் 'அ' பதிவேட்டிலும் புலப்படத்திலும் இருக்கு. ஆக்கிரமிப்பைப் பேசும் முன் அதை வாங்குங்கள்.

கிணத்துத் தண்ணி: வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரையும் பார்ப்பார்கள். குடிநீருக்குக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகம் இருக்கு. வருஷத்துக்கு இரண்டு தடவை, ஒரே கிணத்தில் எடுத்துச் சோதித்து, ரசீதோடு முடிவைப் பத்திரப்படுத்துங்கள். அது நம்ம கணக்கு.

எப்படிக் கேட்பது?

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத் தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். எதற்குக் கேக்கறே என்று கேட்க அவருக்கு அதிகாரம் இல்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், எழுதிக்கொள்ள உதவுவது அவர் கடமை. "இது எங்க துறை இல்லை" என்று திருப்பி அனுப்பவும் கூடாது. உரிய துறைக்கு 5 நாளில் அவரே அனுப்ப வேண்டும்.

கேட்கும் விதம் முக்கியம் தோழர்களே! "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால், அது தகவல் இல்லை என்று தட்டிவிடுவார்கள். "இந்த ஆலையில் கடந்த மூன்று ஆண்டில் எந்தெந்தத் தேதியில் மாதிரி எடுத்தீர்கள்? ஆய்வறிக்கைகளின் நகல் தருக" என்று கேளுங்கள். அப்போது எடுத்திருந்தால் நகல் வரும். எடுக்காவிட்டால், எடுக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இரண்டுமே நமக்கு ஆதாரம்! கோப்பை நேரில் பார்க்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அதுவும் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். காரணமில்லாமல் இழுத்தடித்த அலுவலருக்கு ஆணையம் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். ஆணையத்தில் காலதாமதம் ஆகத்தான் செய்யும். அதற்காக விட்டுவிட்டால் அவர்கள் எதிர்பார்த்தது நடந்துவிடும். விரைவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகையைச் சங்கத்தில் கொடுத்து வையுங்கள்.

புதிய ஆலை வந்தால்

2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையின் கீழ் கருத்துக்கேட்புக் கூட்டம் வேண்டிய திட்டம் என்றால், 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அறிக்கைச் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். நாம் சொன்னதைக் கூட்டம் முடியும்போது தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்காமல் எழுந்திருக்க விடாதீர்கள்!

நம் முடிவு

ஊருக்கு ஒரு கிணறு, ஊருக்கு ஒரு மனு! ஒவ்வொரு கிளையும் இரண்டு இளைஞர்களை இதற்கென்று ஒதுக்க வேண்டும். ஒரே ஆள் பேரில் போட்டால் அவரை மிரட்டுவார்கள். பத்துப் பேர் பத்து மனு போட்டால் யாரை மிரட்டுவார்கள்? வந்த பதிலை மார்ச் 22, உலகத் தண்ணீர் தினக் கிராமசபையில் வாசித்துத் தீர்மானம் போடுவோம். அந்தத் தீர்மானத்தோடு கலெக்டர் அலுவலகம் முன் அணி திரள்வோம்.

அரசிடம் நாம் கேட்பது:

1. கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுது!

2. ஆலைக் கழிவு ஆய்வறிக்கைகளைத் தமிழில் வெளியிடு!

3. மாதிரி எடுக்கும்போது ஊர் விவசாயிகளைச் சாட்சியாக வை!

தண்ணீர் நம்முடையது! அதன் கணக்கும் நம்முடையது!
கேட்போம்! வாங்குவோம்! போராடுவோம்!