சமயத்துணைவர் சங்கமும் நமது கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆயினும் நமது பிள்ளைகள் கடல் கடந்து கல்வி கற்கச் செல்லும் இக்காலத்தில் அது நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்ட பொருளாகும்.

சென்ற ஆண்டு எமக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் நமது சங்கத்தின் பண்ணிசைப் போட்டிகளிலே பாடியும், குருபூசை நாட்களிலே பந்தியில் பரிமாறியும் வளர்ந்த ஓர் இளைஞர். இப்பொழுது அமெரிக்காவில் ஒரு சர்வகலாசாலையிலே ஆராய்ச்சி செய்கிறார். அவருடைய விடுதியில் நமது நாட்டு மாணவன் ஒருவன் இருந்தான். பனிக்காலத்தில் ஒருநாள் அவனுடைய தாயார் காலமான செய்தி வந்தது. பரீட்சையும் பயணச் செலவும் தடுத்தமையால் அவன் ஊர் திரும்ப முடியவில்லை. மூன்று நாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உணவின்றிக் கிடந்தான். பக்கத்து அறையில் இருந்தோர்க்கும் தெரியாது. தெரிந்த பின்னர், அங்குள்ள கிறித்தவப் பெண்மணி ஒருவர், அச்சர்வகலாசாலையின் சமயத்துணைவர், ஓர் அறையைத் திறந்துவிட்டு, விளக்கேற்ற அனுமதி பெற்றுக் கொடுத்து, தாம் வெளியே வாசலில் அமர்ந்திருந்தார். உள்ளே நமது பிள்ளைகள் நால்வர் திருமுறை ஓதினர். அதன் பின்னரே அம்மாணவன் வாய்விட்டு அழுதான், சோறும் உண்டான்.

இதன்பின் அங்குள்ள இந்து மாணவர்கள் எமது இளைஞரைத் தங்களுக்குத் துணையாக இருக்கும்படி வேண்டினர். சர்வகலாசாலையும் இசைந்தது. அப்பெண்மணியோ, “நீர் இப்பணியை ஏற்பதானால் எங்கள் தொழிற்சங்கத்திலும் சேர்ந்துகொள்ளும்” என்றாராம். “பாதிரிமார் நிறைந்த சங்கத்தில் சைவனாகிய நான் சேரலாமா? சேர்ந்தால் ஊரில் என்ன சொல்வார்கள்?” என்பதே கடிதத்தின் கேள்வி.

‘சாப்ளின்’ என்று ஆங்கிலத்தில் சொல்லப்படுவோரையே சமயத்துணைவர் என்கிறோம். இவர் கோயிற் குருக்கள் அல்லர்; சமயபாட ஆசிரியரும் அல்லர். துயரம், நோய், தோல்வி, தனிமை, மனக்குழப்பம் என்பன வந்தபோது மாணவர் நாடிச் செல்லும் ஒருவர். சில இடங்களில் இவரைச் சர்வகலாசாலையே நியமிக்கும். சில இடங்களில் திருச்சபையோ வேறு சமய நிறுவனமோ அனுப்பும்.

அமெரிக்கக் கல்லூரிகள் பல கிறித்தவச் சபையாரால் தோற்றுவிக்கப்பட்டவை. ஆராதனைக்கு வருவது மாணவர்க்குக் கட்டாயமாக இருந்தது. 1636இல் தோன்றிய ஹாவார்ட் 1886இலேயே அக்கட்டாயத்தை நீக்கியது. யேல் 1926இல் நீக்கியது. கட்டாயம் போனபின் சமயத்துணைவரின் வேலை மாறிற்று. அழைத்தால் வரவேண்டிய கூட்டம் இல்லை. தேடி வரும் மனிதரே இருந்தனர்.

ஒரு கல்லூரியில் வைத்தியர் பலர் இருக்கலாம், ஆசிரியர் பலர் இருக்கலாம். சமயத்துணைவரோ பெரும்பாலும் ஒருவரே. தற்கொலை எண்ணத்தோடு ஒரு மாணவன் வந்தால் யாரைக் கேட்பது? ஒருவன் சொன்ன இரகசியத்தை எவ்வளவு காப்பது, உயிருக்கு ஆபத்தென்றால் எப்பொழுது வெளியிடுவது? இக்கேள்விகளைத் தனித்து நின்று தீர்க்க இயலாது. ஆகவே 1948ஆம் ஆண்டிலே கல்லூரி, சர்வகலாசாலைச் சமயத்துணைவருக்கென அங்கு ஒரு தேசிய சங்கம் அமைந்தது. தொடக்கத்தில் அதில் இருந்தோர் பெரும்பாலும் புரட்டஸ்தாந்து கிறித்தவரே. காலப்போக்கில் கத்தோலிக்கர், யூதர், முஸ்லிம்கள், பௌத்தர், இந்துக்கள் ஆகியோருக்கும் இத்துறையின் கதவு திறந்தது.

2008ஆம் ஆண்டிலே பிரின்ஸ்டன் சர்வகலாசாலை இந்துக்களுக்கென முழுநேரச் சமயத்துணைவரை நியமித்தது. அதே ஆண்டில் தென் கலிபோர்ணியா சர்வகலாசாலை வருண் சோனி என்னும் இந்துவைத் தன் சமய வாழ்வுத் துறைக்கே தலைவராக்கியது. யேசு சபையாரின் ஜோர்ஜ்ரவுன் சர்வகலாசாலையும் 2016இல் ஓர் இந்துவை நியமித்தது. 2021இல் ஹாவார்ட்டின் சமயத்துணைவர் குழு, கடவுட் கொள்கை இல்லாத மனிதநேயர் ஒருவரையே தன் தலைவராக ஏகமனதாகத் தெரிந்தெடுத்தது. உலகம் எவ்வளவு தூரம் நடந்துவிட்டதென்பதற்கு இவை போதும்.

இக்கடிதத்தை நமது செயற்குழுவிலே வாசித்தோம். பெரியவர் ஒருவர் எழுந்து, “அன்று பள்ளிக்கூடத்தைக் காட்டி மதம் மாற்றினார்கள், இன்று துக்கத்தைக் காட்டி மாற்ற மாட்டார்கள் என்பதற்கு என்ன உறுதி?” என்று கேட்டார். இக்கேள்வியை அலட்சியஞ் செய்தல் தகாது. இது நமது வரலாறு கேட்ட கேள்வி.

ஆனால் அதே வரலாறு வேறொன்றையும் சொல்கிறது. ஆறுமுக நாவலர் பெருமான் பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலிய மொழிபெயர்ப்பிலே உதவியவர். பாதிரிமாரின் பிரசங்க முறையை அருகிருந்து கண்டவர். 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார், 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார், அச்சியந்திரமும் வைத்தார். கருவியை எடுத்துக்கொண்டார், கொள்கையை விடவில்லை. அருகில் இருந்தமையால் அவர் சைவம் குறைந்ததா? கூடியதன்றோ!

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. அது நமது கொழும்பிலேயே நடந்தது. ஹவார்ட் தேர்மன் என்பவர் அமெரிக்கக் கறுப்பினத்தவர். அடிமையாக வாழ்ந்த பாட்டியாரின் பராமரிப்பில் வளர்ந்தவர். அவர் 1935இல் மாணவர் நல்லெண்ணத் தூதுக்குழுவின் தலைவராக இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளுக்கு வந்தார். கொழும்பு சட்டக் கல்லூரியிலே பேசி முடித்தபின், அக்கல்லூரி அதிபர் அவரைக் கோப்பி அருந்த அழைத்து, “உம் முன்னோரை அடிமைகளாகக் கொண்டுபோனவர் கிறித்தவர்கள், நீர் அச்சமயத்தவராய் இங்கு வந்து நிற்பதன் பொருள் என்ன?” என்னும் கருத்துப்படக் கேட்டார். தேர்மன் அக்கேள்வியை மறக்கவில்லை. 1949இல் வெளியிட்ட நூலிலே அதனை முதலிலேயே எடுத்துரைத்து, ஒடுக்கப்பட்டோர்க்கு யேசுவின் நெறி என்ன சொல்கிறதென ஆராய்ந்தார். 1936இல் காந்தியடிகளையும் கண்டு பேசினார். 1953இல் பொஸ்டன் சர்வகலாசாலைத் தேவாலயத்தின் தலைவரானார். வெள்ளையர் பெரும்பான்மையாயிருந்த சர்வகலாசாலை ஒன்றில் அத்தகைய பதவி பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே.

அன்று நம்மவர் கேட்ட கேள்வி ஒரு மனிதரைத் தம் சமயத்தை ஆழ்ந்து நோக்கச் செய்தது. இன்று நம் பெரியவர் கேட்ட கேள்வியும் நமது இளைஞருக்கு அவ்வாறே பயன்பட வேண்டுமென விரும்புகிறோம். ஆதலால் “சேர்” என்றோ “சேராதே” என்றோ உடனே எழுதாமல், மூன்று விடயங்களை விசாரிக்கும்படி எழுதினோம்.

ஒன்று, அச்சங்கத்தின் ஒழுக்க விதிகளை வாசித்தீரா? துயரத்தில் இருப்பவனைத் தன் மதத்துக்கு இழுத்தலை அவை தடுக்கின்றனவா? இரண்டு, நம் முறைப்படி பூசையும் பாராயணமும் நடத்த உமக்குத் தடையுண்டா? மூன்று, நீர் பிழைவிட்டால் உம்மைக் கேட்பவர் யார்?

மூன்றாவது கேள்வியே முக்கியமானது. துன்பத்தில் உள்ளவன் நம்பி மனத்தைத் திறக்கும்போது, கேட்பவன் கையில் பெரும் அதிகாரம் வந்து சேர்கிறது. நல்லெண்ணம் மட்டும் அதற்குக் காவலாகாது. தவறினால் தடுத்து நிறுத்தும் சகபாடிகள் வேண்டும்; கற்க மாநாடு வேண்டும்; மூத்தவரின் ஆலோசனை வேண்டும். சட்டத்தரணிக்கும் வைத்தியருக்கும் இவை உண்டு. ஆன்மாவைத் தொடுகின்றவருக்கு வேண்டாமா? தொழிற்சங்கத்தில் சேர்தலின் உண்மையான பொருள் சான்றிதழன்று. தன்னைப் பிறர் கேள்வி கேட்க இடங்கொடுத்தலே.

மறுமொழி வந்தது. விதிகளை வாசித்ததாகவும், மதம் மாற்றும் நோக்குடன் மாணவரை அணுகல் ஆகாதென்பது தெளிவாயிருந்ததாகவும், பூசைக்குத் தடையில்லை எனவும் எழுதி, சந்தா செலுத்திச் சேர்ந்துவிட்டார். “வாசலில் இருந்த அப்பெண்மணி, உள்ளே வந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதைத்தான் நான் கற்க விரும்புகிறேன்” என்பது அவர் கடிதத்தின் இறுதி வரி.

நமது பெரியவர் இன்னும் முழுதும் உடன்படவில்லை. அவருடைய ஐயம் நமக்குக் காவலாக இருக்கட்டும். ஆயினும் அம்மாணவனின் கதையைக் கேட்டுக் கண்கலங்கியவரும் அவரே.

இளைஞர்களே! இக்கதை அமெரிக்காவோடு முடிவதன்று. பேராதனையிலே குறிஞ்சிக்குமரன் கோயில் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே பரமேசுவரன் கோயில் உண்டு. கோயில் இருக்கிறது, மணி ஒலிக்கிறது. ஆனால் விடுதியிலே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும் பிள்ளையின் கதவைத் தட்டுபவர் யார்? ஊரில் ஒரு சாவு விழுந்தால் அயலார் கூடி, பாய் விரித்து, தேநீர் ஊற்றி, விடியும்வரை உடனிருப்பது நம் வழக்கம். அவ்வழக்கத்தை விடுதிக்குக் கொண்டுசெல்லுதலே இப்பணி. ஆகவே நமக்கு இது இரவற் பொருளன்று.

நமது சங்கம் இவ்வாண்டிலே இரண்டு காரியம் செய்யலாம். வெளியூரிலும் வெளிநாட்டிலும் கற்கும் நம் பிள்ளைகளோடு மாதம் ஒருமுறையேனும் தொடர்பு கொள்ள இருவரை நியமிக்கலாம். அவ்விருவரும் மனநலம் அறிந்த வைத்தியர் ஒருவரிடம், கேட்பது எப்படி, எப்போது வைத்தியரிடம் அனுப்புவது என்று பயிலலாம். இதற்குப் பெருநிதி வேண்டாம்; பொறுமை வேண்டும்.

மூன்று நாள் கதவு சாத்திக் கிடந்த பிள்ளை நமது பிள்ளை. அடுத்த முறை முதல் நாளிலேயே கதவு தட்டப்பட வேண்டும். அதற்கு எல்லாம்வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாக.