சுவர்க் கரும்புள்ளிக்கு டி.என்.ஏ. பரிசோதனை வேண்டுமா?

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



2023 டிசம்பர் வெள்ளத்தை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை. தண்ணீர் வடிந்தும் நம் தரைத்தள வீடுகளில் ஓதம் போகவில்லை. சுவரில் கரும்புள்ளிகள் வந்தன. இப்போது ஒரு நிறுவனம், வீட்டுத் தூசியை எடுத்து, அதிலுள்ள பூஞ்சைகள் அத்தனையையும் டி.என்.ஏ. மூலம் பட்டியலிட்டுத் தருகிறோம் என்கிறது. சங்க நிதியில் செய்யலாமா என்று செயலாளர் கேட்டார். கல்லூரியில் தாவரவியல் நடத்தியவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள்.

முன்பெல்லாம் தட்டில் ஊட்டக்கூழ் ஊற்றி, தூசியைத் தூவி, முளைப்பதை நுண்ணோக்கியில் பார்ப்போம். பெரும்பாலான பூஞ்சைகள் தட்டில் முளைக்கவே முளைக்காது. அவை கணக்கில் வராது. டி.என்.ஏ. முறையில் முளைக்க வேண்டியதில்லை. பூஞ்சைகளின் மரபுப்பொருளில் ஐ.டி.எஸ். என்றொரு சிறு பகுதி உண்டு. இனத்துக்கு இனம் அது மாறும். அதை மட்டும் பல கோடிப் பிரதிகள் எடுத்து, எழுத்தெழுத்தாக வாசித்து, பெயர் தெரிந்த பூஞ்சைகளின் வரிசைகளோடு ஒப்பிடுவார்கள். இதற்கான வழியைக் கலிபோர்னியாவில் 1990-இல் வகுத்தார்கள். 2012-இல் பூஞ்சைகளுக்கான பொது அடையாளமாக இந்தப் பகுதியை முன்மொழிந்தார்கள்.

ஒப்பிடப் பெயர் வேண்டுமே! சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.வி. சுப்பிரமணியன் 1971-இல் வெளியிட்ட பெரிய நூல் ஒன்று, நம் சுவரில் வருவது போன்ற பூசணங்களைப் பற்றியதுதான். அப்படிப்பட்டவர்கள் நுண்ணோக்கியில் கண் வலிக்கப் பார்த்து வகைப்படுத்தியிராவிட்டால், இயந்திரம் வாசிக்கும் எழுத்துகளுக்குப் பெயரே இருக்காது.

இந்த முறை வீட்டைப் பற்றி என்ன சொன்னது? ஆறு கண்டங்களில் 72 கட்டடங்களின் தூசியை வாசித்த ஆய்வு 2010-இல் வந்தது. வீடா, அலுவலகமா என்பதால் பூஞ்சைக் கூட்டம் பெரிதாக மாறவில்லை. ஊர் எங்கே இருக்கிறது என்பதால்தான் மாறியது. அதாவது, வீட்டுக்குள் இருப்பதில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்ததே. முத்தையாபுரத்துத் தூசியை வாசித்தால் முத்தையாபுரத்துக் காற்றுதான் தெரியும்.

இங்கேதான் எனக்குப் பயம். பட்டியலில் ரைசோபஸ் என்ற பெயர் வரலாம். பழைய ரொட்டியில் பூக்கும் பூஞ்சை அது. காற்றிலும் மண்ணிலும் எங்கும் உண்டு. 2021-இல் நாம் நடுங்கிய 'கருப்பு பூஞ்சை' நோய்க்கும் முக்கியக் காரணம் அதுவே. கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தவர்களைத்தான் அது பெரும்பாலும் தாக்கியது. கருப்பு என்ற பெயர், செத்துப்போன திசுவின் நிறத்தால் வந்தது. நம் சுவர்க் கருப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பெயர் வந்தால் எந்த வீட்டில் யார் தூங்குவார்கள்? செத்த வித்தின் டி.என்.ஏ.வையும் இயந்திரம் வாசிக்கும். இவ்வளவு இருந்தால் ஆபத்து என்ற அளவுகோலும் கிடையாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, தூசி டி.என்.ஏ.வில் 36 பூஞ்சைகளை அளக்கும் குறியீடு ஒன்றை உருவாக்கியது. அது ஆராய்ச்சிக்கு மட்டுமே என்று அதே முகமை சொல்கிறது.

அதற்காக ஓதத்தை விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. ஈரமும் பூசணமும் உள்ள வீட்டில் ஆஸ்துமா தொல்லை கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இலேயே எழுதிவிட்டது. எந்தப் பூஞ்சை என்று தெரியாமலே செய்யக்கூடிய வேலை இருக்கிறது. ஒழுகலை அடைத்து, சோப்புத் தண்ணீரில் தேய்த்து, நன்றாகக் காயவிட வேண்டும். மாஸ்க் அவசியம், இளைப்பு உள்ளவர்கள் கிட்டே போக வேண்டாம். பூசணத்தின் மேலேயே பெயின்ட் அடித்தால் உரிந்து வரும்.

இன்னொன்று. சிலர் காட்டிய வெள்ளைப் பொடி பூஞ்சையே இல்லை, உப்பு பூத்தது. உப்பளத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நமக்கே இது மறந்துவிடுகிறது! ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், கரைந்தால் உப்பு.

என் கருத்து: அந்தப் பணத்தை மேற்குப் பக்கச் சுவரில் இறங்கும் குழாய்க்கும் மொட்டைமாடி விரிசலுக்கும் செலவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை காலை பிளம்பர் வருகிறார். தரைத்தளத்தார் யாராவது இருவர் கூட வந்தால் எந்தெந்த அறை என்று காட்டிவிடலாம்.