ருஷ்ய மொழிக் கல்வியும் நம் இளைஞரும்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் ஒரே பணியைத்தான் செய்து வந்திருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளியில் நிலைக்கச் செய்வதும், பள்ளியை முடித்தோரைக் கல்லூரி வாயில்வரை கொண்டுசேர்ப்பதுமே அப்பணி. கல்லூரி சென்ற நம் பிள்ளைகள் ஆசிரியராகவும், செவிலியராகவும், அலுவலராகவும், பொறியாளராகவும் விளங்குகின்றனர். இது நமக்குப் பெருமையே. ஆயினும் நம்மவர் மிகுதியாகக் கால் வைக்காத துறைகள் பல உள. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இன்று பேச விழைகிறோம். ருஷ்ய மொழியும், யூரேசியவியல் எனப்படும் நாட்டாய்வுத் துறையும் நம் இளைஞர்க்கு என்ன தரக்கூடும் என்பதே நம் பொருள்.

ஐரோப்பாவும் ஆசியாவும் கூடும் பெருநிலப்பரப்பில் 1991ஆம் ஆண்டு வரை சோவியத் ஒன்றியம் என்னும் ஒரே அரசு இருந்தது. அவ்வாண்டின் இறுதியில் அது கலைந்து 15 தனி நாடுகள் ஆயிற்று. ருஷ்யா, உக்ரைன், கசாக்ஸ்தான், உஸ்பெகிஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், ஆர்மீனியா முதலியன அவற்றுட் சில. இந்நாடுகளின் மொழி, வரலாறு, பொருளியல், அரசியல், சமயம் ஆகியவற்றை ஆராய்வதே யூரேசியவியல். இத்துறைக்கு முதல் திறவுகோல் ருஷ்ய மொழி.

இம்மொழிக்கும் நமக்கும் என்ன உறவு என நீங்கள் கேட்கலாம். விடையாக ஒரு கதையைச் சொல்கிறோம். கிர்கீஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ் எழுதிய ‘முதல் ஆசிரியர்’ என்னும் நெடுங்கதையை நம்மில் மூத்தோர் பலர் மலிவு விலைத் தமிழ்ப் பதிப்பில் படித்திருப்பர். 1924ஆம் ஆண்டில் துய்ஷேன் என்னும் இளைஞன் தன் சிற்றூருக்கு வருகிறான். அவனே எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். பாழடைந்த குதிரை லாயம் ஒன்றைத் துப்புரவு செய்து பள்ளிக்கூடம் ஆக்குகிறான். குளிர்ந்த ஓடையைப் பிள்ளைகள் கடக்க அவர்களைத் தோளிலும் முதுகிலும் சுமக்கிறான். ஊரார் நகைக்கின்றனர். அல்தினாய் என்னும் தாய் தந்தையற்ற சிறுமியை உறவினர் ஒருவனுக்கு விற்றுவிட, அவளை மீட்டு நகரத்துக்குப் படிக்க அனுப்புகிறான். அவள் பேரறிஞராகிறாள். ஆண்டுகள் பல கழித்து அவ்வூரில் புதிய பள்ளி திறக்கப்படுகிறது. விழாவின் சிறப்பு விருந்தினர் அல்தினாய். துய்ஷேனோ அவ்வேளையில் வெளியே தபால் பை சுமந்து திரிகிறார்.

நம் சேரிகளில் திண்ணையிலும் மரத்தடியிலும் இரவுப் பள்ளி நடத்தியவர்களின் கதையன்றோ இது! எங்கோ மலைநாட்டில் பிறந்த இக்கதை ருஷ்ய மொழியின் வழியே நம் கைக்கு வந்தது. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் போன்றோர் மாஸ்கோவில் அமர்ந்து செய்த மொழிபெயர்ப்புகளால் ஒரு தலைமுறை வளர்ந்தது. சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அப்பதிப்புப் பணி நின்றுபோயிற்று. அதன்பின் தமிழுக்கு வந்த ருஷ்ய நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே வந்தவை. மூலத்திலிருந்து நேரே தமிழாக்க வல்லோர் மிகச் சிலரே. அந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அதை நம்மவர் ஏன் நிரப்பலாகாது?

இத்துறையை நம் இளைஞர்க்கு நாம் பரிந்துரைக்கும் முதற்காரணம் ஒன்றுண்டு. ஆங்கில வகுப்பில் நம் பிள்ளை அமரும்போது, பக்கத்திலிருப்பவன் வீட்டிலேயே அம்மொழியைக் கேட்டு வளர்ந்தவனாக இருக்கிறான். பந்தயம் தொடங்குமுன்னரே அவன் பாதித் தொலைவு கடந்துவிட்டான். ருஷ்ய வகுப்பில் அவ்வாறில்லை. அங்கே எவர் பாட்டனும் அம்மொழியைச் சொத்தாக விட்டுச் செல்லவில்லை. 33 எழுத்துகளையும் அனைவரும் ஒரே நாளில் ஒரே பலகையிலிருந்து கற்கத் தொடங்குகின்றனர். தமிழ் வழியில் பயின்றோர்க்கு இன்னும் ஒரு நன்மையுண்டு. ருஷ்யப் பெயர்ச்சொற்கள் ஆறு வேற்றுமைகளை ஏற்று ஈறு திரிகின்றன. ஐ, ஆல், கு என உருபேற்கும் மொழியில் பிறந்த நமக்கு வேற்றுமை என்பது புதுமையன்று.

அண்ணல் அம்பேத்கர் பள்ளி மாணவராயிருந்தபோது சமஸ்கிருதம் பயில அனுமதி மறுக்கப்பட்டு, பாரசீகம் பயில நேர்ந்தது என்பதை யாவரும் அறிவோம். எந்த மொழியை யார் கற்கலாம் என்பதைச் சாதி முடிவு செய்த காலம் அது. அதே பாரசீகத்தின் ஒரு வடிவமே இன்று தஜிகிஸ்தானின் அரசு மொழி. ருஷ்ய எழுத்துகளில் எழுதப்படுகிறது. மறுக்கப்பட்ட வாயிலின் முன் நின்று புலம்பாது வேறொரு வாயில் வழியே உலகை எட்டியவர் அண்ணல். நமக்கும் அவ்வழி உண்டு.

இரண்டாவது காரணம், அறிவுத்துறையில் நமக்குள்ள உரிமை. பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அதற்கு ஓராண்டு முன்னர், 1897இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பௌத்த நூல் வரிசையொன்று வெளிவரத் தொடங்கிற்று. அம்மரபில் வந்த ஷெர்பாட்ஸ்கி எழுதிய ‘பௌத்தத் தர்க்கவியல்’ உலகறிந்த நூல். ருஷ்யாவின் புரியாத்தியா, கல்மீக்கியா, துவா ஆகிய பகுதிகளில் பௌத்த மக்கள் இன்றும் வாழ்கின்றனர். உஸ்பெகிஸ்தானின் தெர்மெஸ் நகரையொட்டிப் பழம் பௌத்த விகாரைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. பண்டிதர் தொடங்கிய தேடலை இம்மண்ணில் தொடர நம் இளைஞர்க்கன்றி வேறு எவர்க்கு ஆவல் மிகும்? மாஸ்கோவில் பல்லாண்டு தமிழ் கற்பித்து 2020இல் மறைந்த அலெக்சாந்தர் துபியான்ஸ்கி நம் மொழியைத் தம் வாழ்வாக்கிக்கொண்டார். அவர்கள் நம்மை ஆராய்வது போல் நாமும் அவர்களை ஆராயலாம்.

இனி எங்குப் பயிலலாம் என்பதைக் கூறுவோம். தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ருஷ்ய மொழிக்குத் தனி மையம் உண்டு. பிளஸ் டூ முடித்தோர் எழுத்திலிருந்தே தொடங்கி அங்குப் பட்டம் பெறலாம். அப்பல்கலைக்கழகத்தின் பன்னாட்டியல் பள்ளியில் ருஷ்ய, மத்திய ஆசிய ஆய்வு மையமும் இயங்குகிறது. வரலாறு, அரசியல், பொருளியல் பயின்றோர்க்கு அது ஏற்ற இடம். ஐதராபாத்தில் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகமும், திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் ருஷ்யத் துறையும் நமக்கு அண்மையிலுள்ளவை. மும்பையிலும் காஷ்மீரிலும் மத்திய ஆசிய ஆய்வுக்கென மையங்கள் உள்ளன. ஊரை விட்டுச் செல்லுமுன் மொழி தமக்கு ஒத்துவருமா எனச் சோதிக்க விரும்புவோர், சென்னையிலுள்ள ருஷ்யப் பண்பாட்டு மையத்தின் வகுப்புகளில் சேர்ந்து பார்க்கலாம்.

மத்தியப் பல்கலைக்கழக இளநிலைச் சேர்க்கை 2022 முதல் பெரும்பாலும் பொது நுழைவுத் தேர்வின் வழியே நடைபெறுகிறது. அங்குப் பட்டியல் சாதியினர்க்கு நூற்றுக்கு 15 இடமும், பட்டியல் பழங்குடியினர்க்கு 7.5 இடமும் ஒதுக்கப்பட்டுள்ளன. அண்ணலின் முயற்சியோடு 1944இல் தொடங்கிய பள்ளி மேற்படிப்பு உதவித்தொகை இப்படிப்புகளுக்கும் உரியதே. ருஷ்ய மொழியிலும் பன்னாட்டு, நாட்டாய்வுத் துறையிலும் தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஆய்வு நிதியும் பேராசிரியத் தகுதியும் பெறலாம். வெளிநாட்டில் முதுகலையோ முனைவர் பட்டமோ பயில நம்மவர்க்கென மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை உண்டு. இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகவியல் சார்ந்த தலைப்புகள் 2022இல் அத்திட்டத்தினின்று விலக்கப்பட்டன. நம் வாழ்வை அயல்நாட்டில் ஆராயும் வழி அடைபட்டதை நாம் கண்டிக்கவே வேண்டும். ருஷ்ய அரசும் இந்திய மாணவர்க்கு ஆண்டுதோறும் இடங்கள் வழங்குகிறது. மொழியறியாதோர்க்கு முதலில் ஆயத்தப் பயிற்சியும் உண்டு.

படித்தபின் வேலை கிடைக்குமா என்பதே பெற்றோர் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வியே. 1988இல் ஒப்பந்தமாகிய கூடங்குளம் அணுமின் நிலையத்தில் 1,000 மெகாவாட் உலைகள் இரண்டு இயங்க, மேலும் உலைகள் எழுப்பப்படுகின்றன. அந்நிலையம் குறித்து மக்களிடையே கடும் எதிர்ப்பும் உண்டு. அவர்களுக்காக வாதிடுவோர்க்கும் அதன் ஆவணங்களைப் படிக்கும் மொழியறிவு வேண்டும் அன்றோ! ஆவடித் தொழிற்சாலையில் உருவான டி-72, டி-90 பீரங்கி வண்டிகள் ருஷ்ய வடிவமைப்பைக் கொண்டவை. 1975இல் ஆரியபட்டா செயற்கைக்கோள் அந்நாட்டு மண்ணிலிருந்து ஏவப்பட்டது. ககன்யான் திட்டத்திற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட நால்வரும் மாஸ்கோ அருகே பயிற்சி பெற்றனர். இத்தகைய கூட்டுப்பணி ஒவ்வொன்றிலும் மொழிபெயர்ப்பாளர்க்கு வேலையுண்டு. அயலுறவுத் துறையும் பாதுகாப்புத் துறையும் மொழி வல்லுநரை வேண்டுகின்றன. மருந்து ஏற்றுமதி, சுற்றுலா, மருத்துவத்திற்கென வரும் மத்திய ஆசிய நோயாளிகளுக்குத் துணை நிற்றல் ஆகியவையும் உண்டு.

ஆயினும் உண்மையை மறைத்தல் தகாது. மொழி ஒன்றை மட்டும் அரைகுறையாகக் கற்றவர்க்கு இத்துறை சோறிடாது. நான்கைந்து ஆண்டு உழைப்பும், அதனுடன் பொறியியல், சட்டம், வணிகம், வரலாறு என வேறொரு புலமையும் வேண்டும். ஆங்கிலத்தையும் கைவிடலாகாது, மேற்படிப்பு நூல்களில் பல அம்மொழியில் உள்ளன.

மற்றுமோர் எச்சரிக்கை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ருஷ்யா போர் தொடுத்தது. அங்கு மருத்துவம் பயின்ற இந்திய மாணவர் ஆயிரக்கணக்கில் படிப்பை இடையில் விட்டுத் திரும்பினர். வேலை வாங்கித் தருவதாகக் கூறிய தரகர்களை நம்பி ருஷ்யா சென்ற இந்திய இளைஞர் சிலர் போர்முனைக்கு அனுப்பப்பட்டதும், உயிரிழந்ததும் 2024இல் வெளிவந்தன. ஏழை வீட்டுப் பிள்ளையே தரகருக்கு எளிதில் அகப்படுவான். ஆகவே அரசு அறிவிப்பும் பல்கலைக்கழகத்தின் நேரடிச் சேர்க்கையும் இன்றி எவரும் பணம் கட்டவோ, படிக்க இயலாத மொழியில் கையொப்பமிடவோ வேண்டா.

பயிலும் நாட்டை வழிபடவும் வேண்டா. சோவியத் நிலப்பரப்பில் 9 முதல் 49 வயதுக்குட்பட்டோரில் எழுத்தறிந்தோர் 1897இல் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர். 1939இல் 87 பேர். இது பெருஞ்சாதனை. அதே காலத்தில் 1932-33 பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்ததும், 1944இல் செச்சேனியரும் கிரிமியத் தாத்தாரும் இனம் இனமாக நாடு கடத்தப்பட்டதும் உண்மையே. சமத்துவத்திற்காகச் சுதந்திரத்தையும் சகோதரத்துவத்தையும் பலியிடலாகாது என ருஷ்யாவை எடைபோட்ட அண்ணலின் நோக்கே நமக்கு அளவுகோல்.

நம் சங்கத்தார் முன் மூன்று வேண்டுகோளை வைக்கிறோம். ஆண்டுதோறும் பிளஸ் டூ மாணவர்க்கு இப்படிப்புகளின் விண்ணப்ப நாள்களை நேரில் தெரிவித்தல் ஒன்று. தொலைவூர் செல்லும் பிள்ளைக்கு உதவித்தொகை கைக்கு வரும்வரை முதலாண்டுச் செலவைச் சங்கம் தாங்குதல் இரண்டு. அங்குத் தனிமையில் வாடும் பிள்ளைக்கு மாதந்தோறும் ஒருவர் பேசி ஆறுதல் கூறுதல் மூன்று. மூன்றாவதற்குப் பணம் வேண்டா, மனம் போதும்.

இளைஞர்களே! உங்களுள் ஒருவர் இம்மொழியைக் கற்று, ஐத்மாத்தவின் கதையொன்றை நேரே தமிழாக்கி இம்மேடையில் வெளியிடும் நாள் வரவேண்டும். அன்று நம் முதல் ஆசிரியர்கள் எவரும் வெளியே தபால் பை சுமந்து நிற்கலாகாது. முன்வரிசையில் அவர்களை அமர்த்தியபின்னரே நம் விழா தொடங்க வேண்டும்.