மலையில் நிகழும் ஒடுக்கம்

மடவார்வளாகத்து வைத்தியநாதப் பெருமான் திருமுன் கூடியிருக்கும் நமக்கு மேற்கே மலைத்தொடர் தெரிகிறது. இராசபாளையத்து அய்யனார் கோயில் ஓடையும், சதுரகிரிச் சுந்தரமகாலிங்கர் திருவிடமும் அத்தொடரிலேயே உள்ளன. நிலம், நீர், தீ, வளி, வெளி, ஞாயிறு, திங்கள், உயிர் என்னும் எட்டும் இறைவன் திருமேனி என்பர் நம் பெரியோர். ஏழு சடம், ஒன்றே உயிர். இவை கூடி நடத்தும் வாழ்வை அம்மலையிலே காணலாம்.

ஞாயிற்றின் ஒளியைப் பற்றி, காற்றையும் நீரையும் கூட்டி, இலை உணவாக்குகிறது. அதனை மிளா உண்கிறது. மிளாவைப் புலி உண்கிறது. உண்டதெல்லாம் உடலாவதில்லை. பெரும்பகுதி ஓட்டத்திலும் மூச்சிலும் வெப்பமாய்க் கழிகிறது. 1942-இல் ரேமண்ட் லிண்டமன் என்னும் அமெரிக்க அறிஞர் ஓர் ஏரியிலே இதனை ஆராய்ந்தார். படிதோறும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே மேற்செல்லும் என்பது அவர் வழிவந்த பொதுக்கணக்கு. இலையில் 1,000 பங்கு எனின் மிளாவில் 100, புலியில் 10. ஒரு புலிக்குப் பெருங்காடு வேண்டுவது இதனாலேயே. 1988-இல் நரை அணிலுக்கென அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சரணாலயம், 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று.

கழிந்த வெப்பம் அழிந்ததோ? இல்லை. உள்ளது அழியாது என்னும் சற்காரியவாதம் நாம் அறிந்ததே. அது நிலைமாறி வெளியிற் கலந்தது; காட்டுக்கு மீளாது. ஆதலின் ஞாயிறு நாள்தோறும் புதிதாய் வழங்க வேண்டியிருக்கிறது. இவ்வாற்றலே சிவசக்தி என்று மேடைகளில் முழங்குவாரும் உளர். நாம் அதற்கு உடன்படோம். சொல் ஒன்றாயினும் பொருள் வேறு. திருவருட்சக்தி வழங்க வழங்கக் குறைவதன்று.

மண்ணின் சத்தோ மீள்கிறது. சருகையும் பிணத்தையும் கறையானும் காளானும் நுண்ணுயிரும் ஒடுக்கி மண்ணுக்கு அளிக்க, வேர் மீண்டும் ஏற்கிறது. சங்காரம் அழித்தலன்று, இளைப்பாற்றும் ஒடுக்கமே என்று நம் ஆசிரியன்மார் உரைத்ததற்கு ஒரு புற்றே போதிய உவமை.

ஒடுங்காத பொருளொன்றை நாமே அங்கே கொண்டு செல்கிறோம். அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுவோர் சோறு கட்டிய வாழையிலை தவறி விழுந்தாலும் கறையான் அதனை மண்ணாக்கிவிடும். பிளாஸ்டிக் பையோ வெயிலில் துகளாகுமேயன்றி மண்ணாகாது. வில்வம் சுமந்து ஏறிய பையிலேயே அதனையும் கீழே கொணர்க. அங்கே கிடந்தால், சோற்று மணத்தை நம்பி மிளா விழுங்கும். செரியாத அப்பை வயிற்றை அடைத்துக்கொள்ள, பசுந்தழை சூழ நின்றும் அது பட்டினி கிடக்கும்.